கோதுமை படாத கட்லெட்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் சமைத்ததைவிட போனில் சமையல் சொன்னதுதான் அதிகம். அதிலும் இப்போது எல்லோருக்கும் ஒரே கேள்வி. "அக்கா, கோதுமையே இல்லாம கட்லெட் மொறுமொறுன்னு வரணும். பிரெட் தூளுக்குப் பதிலா என்னா போடறது?" கேட்பது கோயிலில் பக்கத்தில் உட்காரும் பெண்ணாக இருந்தாலும், என்னோடு கேன்டீனில் வேலை பார்த்த பிள்ளைகளாக இருந்தாலும், கடைசியில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "சுருக்கமா வாட்ஸ்அப்ல போட்டுடுங்க."

என்னத்தைச் சுருக்கமாகப் போடுவது? பிரெட் தூளுக்குப் பதில் அவல். நாலே சொல். போட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துச் செய்து, கோதுமை ஆகாத பிள்ளைக்குக் கொடுத்து, அது மூன்று நாள் படுத்துக் கிடந்தால் யார் பதில் சொல்வது? சிரிக்காதீர்கள். அப்படி ஒருத்தியைப் படுக்க வைத்தவள் நான். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

என் பெயர் ஃபிலோமினா. பிறந்தது காவேரிப்பட்டினம். கல்யாணமாகி ஓசூர் வந்தேன். கணவர் அந்தோணி லேத் ஆபரேட்டர். வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்து, இருபத்தாறு வருடம் அங்கேயே இருந்தேன். முதல் இரண்டு வருடம் வெங்காயத்தைத் தவிர வேறு எதையும் தொட விடவில்லை. பிறகு சப்பாத்திக்கு மாவு பிசைதல், பிறகு பூரி தேய்த்தல், பிறகு எண்ணெய் அடுப்பு. எண்ணெய் அடுப்புக்கு வந்த முதல் பெண் நான்தான். அங்கே இருந்த மாஸ்டர் கற்றுக்கொடுத்தது கொஞ்சம்தான்: எண்ணெயைப் புகைய விடாதே, ஒரே நேரத்தில் நிறையப் போடாதே, பூரி மாவைக் கிள்ளிப் போட்டுச் சூடு பார். போட்ட மாவு மூன்று எண்ணுவதற்குள் மேலே வந்தால் எண்ணெய் தயார். மற்றதெல்லாம் நானாகக் கற்றுக்கொண்டதும் கையைச் சுட்டுக்கொண்டதும்தான்.

எங்கள் கேன்டீன் மேனேஜர் நஞ்சுண்டப்பா. ஆனேக்கல் பக்கத்துக்காரர், வீட்டில் கன்னடம். தமிழ் நன்றாகவே பேசுவார். திருப்தியானால் மட்டும் கன்னடத்துக்குப் போய்விடுவார், அதுவும் ஒரு சொல்லுக்கு மேல் இருக்காது. ஒல்லியான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு ஸ்பூன். காலை பத்தரைக்குச் சமையல்கட்டுக்குள் வருவார். முழங்கை வரை கை கழுவுவார். எந்தப் பாத்திரத்தையும் உடனே ருசி பார்க்க மாட்டார். மூடியைத் திறந்து ஆவி போகிற வரைக்கும் நிற்பார், அப்புறம் மோந்து பார்ப்பார், அப்புறம்தான் ஸ்பூன் வெளியே வரும். சரியாக இருந்தால் "ஆயித்து", அதாவது ஆச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போவார். சரியில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி மடித்து டப்பாவில் வைப்பார். அந்த டப்பா மூடுகிற சத்தம் கேட்டால் சமையல்கட்டில் பேச்சே நின்றுவிடும். பிறகு அவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "மறுபடி செய்ங்க. நான் பாக்கறேன்."

திட்டினாலாவது பரவாயில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்கு அது உடம்பெல்லாம் எரியும். ஒருமுறை சாம்பாரில் கடுகு கருகிவிட்டதென்று என்னை மூன்று தடவை தாளிக்க வைத்தார். வீட்டுக்கு வந்து அந்தோணியிடம் கத்தினேன். அவர் என்ன செய்தார் பாவம், அவரிடம் கத்தத்தான் எனக்கு வசதி.

புதன்கிழமை கட்லெட் நாள். கோழிக் கொத்துக்கறி, அதாவது ஓசூர் கறிக்கடைக்காரருக்குக் கைமா என்றால்தான் புரியும், வேகவைத்த உருளைக்கிழங்கு, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், மிளகு. தட்டி, மைதாவைக் கரைத்த தண்ணீரில் முக்கி, மொட்டை மாடியில் காயப்போட்டு அரைத்த பிரெட் தூளில் புரட்டிப் பொரிப்போம். அன்றைக்கு வரிசை கேன்டீன் வாசலைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வரை நிற்கும். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து அவ்வளவு சத்தம். "எனக்கு ஓரம் கருகினது குடுங்க" என்று கேட்கிறவர்கள்கூட உண்டு.

அந்த வரிசையில் ஒரு நாள் ஜெயந்தி ஒரு காகிதத்தை நீட்டினாள். ஒயரிங் பிரிவில் கான்ட்ராக்டில் இருந்தவள். தூத்துக்குடிப் பக்கத்து ஊர், முப்பது வயது இருக்கும். ஊரில் அம்மாவுக்கு இவள் அனுப்புவதுதான் சாப்பாடு. காகிதம் பெங்களூரு ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் கூடாது. ஒரு பொட்டு பட்டாலும் கூடாது.

"அக்கா, நான் சோறும் ரசமும்தான் திங்கேன். ஆனாலும் வயிறு வலிக்கி, பேதி ஆகுது. எப்படின்னே தெரியல. இப்ப பெர்மனென்ட் லிஸ்ட்ல என் பேரு இருக்குக்கா. இன்னும் ரெண்டு நாள்தான் லீவு மிச்சம். அதத் தாண்டிட்டா பேர எடுத்துருவாங்க."

நான்கு வருடம் கான்ட்ராக்டில் இருந்து, பெர்மனென்ட் லிஸ்டில் பெயர் வருவது என்றால் என்ன என்று ஓசூரில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயிற்று வலி வரும் போகும். அந்த லிஸ்ட் அடுத்த தடவை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. சோற்றிலும் ரசத்திலும் கோதுமை எங்கிருந்து வரும்? நஞ்சுண்டப்பாவிடம் காகிதத்தைக் காட்டினேன். அவர் நேரே ஸ்டோர் ரூமுக்குப் போனார். ரசத்துக்குப் போடும் ஒவ்வொரு பொருளையும் எடுத்து மேசையில் வைத்து, டப்பாவின் மேல் இருக்கிற பொடி எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்தார். ஒரு மணி நேரம். நான் அடுப்பைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா? கடைசியில் பெருங்காய டப்பாவை என் கையில் கொடுத்தார்.

"படிங்க."

படித்தேன். பெருங்காயம் கொஞ்சம், பிசின் கொஞ்சம், பாக்கி கோதுமை மாவு. இத்தனை வருடம் கை நிறைய அள்ளிப் போட்ட பொருளில் என்ன இருக்கிறதென்று ஒரு நாள்கூட நான் படித்ததில்லை. மறுநாள் முதல் தாளிப்பதற்கு முன்பே அவளுக்குத் தனியாக ரசம் எடுத்து வைத்தோம். அவள் முகம் தெளிந்தது. லீவு போடவில்லை. அந்த இரண்டு நாள் அப்படியே மீதி இருந்தது.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் கெட்ட நேரம், புதன்கிழமைதோறும் அவள் தட்டில் சோறும் அவித்த முட்டையும் வைத்துக்கொண்டு அடுத்தவர்கள் கட்லெட் கடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அவளே சிரித்துக்கொண்டு, "மணம் மட்டும் ஓசிதானக்கா" என்றாள். எண்ணெய் அடுப்புக்காரிக்கு அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியுமா?

கேன்டீனில் அவளுக்குத் தனியாகப் பொரிக்க முடியாது. காற்றில்கூட மைதா பறக்கும் இடம் அது. வீட்டில் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். நஞ்சுண்டப்பாவிடம் சொல்லவில்லை. வெளியில் சமைத்ததைக் கேன்டீனில் கொடுக்கக் கூடாது என்பது கம்பெனி ரூல். கேட்டால் முடியாது என்பார். பிறகு கேட்பானேன்?

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அரிசி மாவில் புரட்டிப் பொரித்தேன், ஓடு மாதிரி ஆகிவிட்டது. அந்தோணிக்குப் பல் வலி. சோள மாவில் செய்தது வெளுத்துப் போய், பத்து நிமிடத்தில் நமத்துவிட்டது. பொரியைப் பொடித்துப் போட்டால் வாணலியில் இருக்கிற எண்ணெயெல்லாம் அதற்குள்தான். ராகி மாவில் செய்ததைப் பார்த்து, "கருகிடுச்சா?" என்று கேட்டார் அந்தோணி. கார்ன்ஃபிளேக்ஸ் பாக்கெட் வாங்கி வந்தேன், இப்போதுதான் படிக்கத் தெரியுமே, படித்தால் அதில் பார்லி இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர், "இது சோளம்தானம்மா, எதுக்கு வம்பு பண்றீங்க?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். அரிசி ரவை அரைக்கலாம் என்று தெருமுனை மாவு மில்லுக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா பத்துக் கிலோ கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். அதே கல்லில்தான் எனக்கும். அரிசியோடு திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியில் சரிவந்தது கெட்டி அவல். வெறும் வாணலியில் சிறு தீயில், கையில் நொறுக்கினால் நொறுங்குகிற வரை வறுக்க வேண்டும். ஆறிய பிறகு புது மிக்ஸி ஜாரில் இரண்டே சுற்று. மாவாகிவிட்டால் வீண், குருணை மாதிரி இருக்க வேண்டும். கைமாவில் தண்ணீர் இருந்தால் எந்தத் தூளும் நிற்காது. அதனால் கைமாவை வதக்கி நீர் வற்ற விட்டு, ஆறிய பிறகுதான் உருளைக்கிழங்கு சேர்க்க வேண்டும். தட்டியதை முதலில் சோள மாவில் லேசாக ஒற்றி, உதறி, அடித்த முட்டையில் முக்கி, பிறகு அவல் தூளில் வைத்து அழுத்த வேண்டும். புரட்டினால் போதாது, அழுத்த வேண்டும். இருபது நிமிடம் ஃபிரிஜ்ஜில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மிதமான தீ, ஒரு தடவைக்கு நான்கு. எடுத்ததும் காகிதத்தில் போடாதீர்கள், அடியில் வியர்த்து நமத்துவிடும். கம்பி வலையில் நிறுத்தி வையுங்கள். சூடு ஆறாமல் டப்பாவை மூடாதீர்கள். அவ்வளவுதான். கடித்தபோது அந்தோணி முதல் முறையாக இன்னொன்று கேட்டார்.

புதன்கிழமை காலை ஐந்து கட்லெட் பொரித்தேன். புது வாணலி, புது எண்ணெய், புது ஜல்லிக்கரண்டி. மேடையை மூன்று முறை கழுவினேன். பக்கத்தில் அந்தோணியின் டப்பாவுக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து மூடி வைத்திருந்தேன். அவருக்குச் சர்க்கரை, மதியம் சப்பாத்திதான். அதைத் தள்ளித்தான் வைத்திருந்தேன். மதியம் கட்லெட் டப்பாவை ஜெயந்தியின் கையில் மறைவாகக் கொடுத்தேன். அவள் ஓரமாகப் போய் உட்கார்ந்து கடித்தாள். அந்தச் சத்தம் கவுன்டர் வரை கேட்டது. எனக்கு இருந்த பெருமையைக் கேட்காதீர்கள்.

வியாழக்கிழமை ஜெயந்தி வரவில்லை. வெள்ளி, சனி, இரண்டு நாளும் வரவில்லை. மூன்று நாள். மீதி இருந்தது இரண்டு.

திங்கட்கிழமை வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. அன்று என் முறை என்பதால் அடுப்பை விட்டுக் கவுன்டரில் நான் நின்றிருந்தேன்; வரிசையில் வந்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"அக்கா, அந்த கட்லெட்ல என்னதும் சேந்துச்சா?"

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. போன வாரம் கம்பெனி கேட்டுக்கு வெளியே உள்ள பேக்கரியில் அவள் நின்றதாக யாரோ சொல்லி எனக்குத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டேன். "மூணு தடவ கழுவி, கண்ணுல வெளக்கெண்ண விட்டுகினு செஞ்சன்டி! பேக்கரியில நின்னு பப்ஸ் தின்னுட்டு என் மேல பழி போடறியா? வாயக் கட்ட முடியலன்னா அதுக்கு நானா பொறுப்பு?" என்று கத்தினேன். வரிசையில் இருபது பேராவது இருந்தார்கள்.

"கட்டங்காப்பி குடிக்கத்தான் நின்னேன்க்கா. பேரு போயிரும், அதான் கேட்டேன்." தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்று சாப்பிடவில்லை.

அன்றைக்கே நஞ்சுண்டப்பா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சத்தம் அவருக்கும் கேட்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் வீட்டிலிருந்து செய்து வந்ததைச் சொன்னேன். கண்ணாடி கழன்றது. டப்பா மூடியது.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வர்றேன். மறுபடி செய்ங்க. நான் பாக்கறேன்."

"சார், நான் எல்லாம் சுத்தமா..."

"நான் பாக்கறேன்மா."

ஞாயிறு பூசை முடிந்து நாங்கள் வந்து சேர்வதற்குள் அவர் ஸ்கூட்டரில் வந்து வாசலில் நின்றிருந்தார். காப்பி வேண்டாம் என்றார். சமையல்கட்டில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அன்று போலவே எல்லாம் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதால் சப்பாத்தி மாவும் பிசைந்து மூடி வைத்தேன். எனக்கு ஆத்திரம். என் வீட்டில், என் அடுப்பில், எனக்கே பரீட்சையா? வேண்டுமென்றே ஒவ்வொரு படியையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் செய்தேன். கை கழுவினேன். தட்டினேன். ஒற்றினேன். முக்கினேன். அழுத்தினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். எண்ணெய் காய்ந்தது. முதல் கட்லெட்டைக் கையில் எடுத்தேன்.

"ஒரு நிமிஷம்," என்றார். "இப்ப என்ன போட்டீங்க?"

"எங்க சார்?"

"எண்ணெயில."

"ஒண்ணும் போடலியே. இனிமேதான் போடப் போறன்."

அவர் எழுந்து வந்தார். ஜல்லிக்கரண்டியை எடுத்து எண்ணெயில் விட்டு, சுண்டைக்காய் அளவு பொன்னிறமாகப் பொரிந்த ஒரு உருண்டையை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"இது தானா வந்துச்சா?"

பார்த்தேன். சப்பாத்தி மாவு. மூடி வைத்த பாத்திரத்தைப் பார்த்தேன். மூடி ஒருபக்கம் சாய்ந்திருந்தது. என் விரல் நுனியில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. அந்தக் கையில்தான் கட்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதைப் போட்டது எனக்குத் தெரியாது. எண்ணெய் காய்ந்தால் என் கை மாவைத் தேடிப் போய்க் கிள்ளிப் போடும், மேலே வந்ததும் கரண்டி அதை எடுத்து வீசும். எத்தனை ஆயிரம் தடவை! அதை நான் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை. மூச்சு விடுவதை யாராவது கணக்கில் வைப்பார்களா?

வாசற்படியில் நின்ற அந்தோணி அப்போதுதான் வாயைத் திறந்தார். "அது நீ எப்பவும் போடறதுதான? அன்னிக்கும் போட்டியே."

"பாத்துகினா இருந்த? பாத்தா சொல்ல வேணாமா?"

"சமையல்கட்டுல வாயத் தொறக்கக் கூடாதுன்னு நீதான சொல்லி வச்சிருக்க."

அந்த மனுஷனை என்ன செய்வது? அடுப்பை அணைத்தேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். செய்த தப்புக்குக்கூட அவ்வளவு அழவில்லை. வரிசையில் வைத்து அவளைப் பொய்க்காரி ஆக்கியதை நினைத்துத்தான் அழுதேன்.

நஞ்சுண்டப்பா திட்டவில்லை. "யார் கையும் அப்படித்தான்மா. இப்ப லெட்டர் எழுதுங்க. புதன்கிழமை லிஸ்ட் போயிடும்," என்றார். அந்தோணியின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். 'தவறுதலாக ஏதோ கலந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தேன். படித்தார். தாளை நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ஏதோ இல்ல. சப்பாத்தி மாவு. கலந்திருக்கலாம் இல்ல. நான் போட்டேன். வேற தாள் எடுங்க."

எனக்கு அப்போது அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என்னைச் சமையல்கட்டு இன்சார்ஜ் ஆக்கச் சொல்லி அவரே மேலே எழுதியிருந்தார். இந்த லெட்டர் போனால் அது என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். எழுதினேன். வீட்டில் சமைத்து ரூலை மீறிக் கொண்டுவந்தது நான், மாவு கிள்ளிப் போட்டது நான், ஜெயந்தி டாக்டர் சொன்னதைத் தவிர வேறெதையும் சாப்பிடவில்லை. கீழே என் பெயர்.

ஹெச்.ஆர். ஆபீஸர் சின்ன வயசுக்காரர். லெட்டரைப் படித்துவிட்டு, "வெளிச் சாப்பாடு உள்ள வந்தது தனி விஷயம், அதுக்கு ஆக்‌ஷன் உண்டு. லீவு லீவுதான். பாலிசி," என்றார். நஞ்சுண்டப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் காகிதத்தை மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் என் லெட்டரை வைத்தார். "அந்தப் பொண்ணு லீவு போடல சார். எங்க கேன்டீன் ஆளு குடுத்ததச் சாப்பிட்டுப் படுத்தா," என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. ஆபீஸர் போனில் பேசினார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், தண்ணீர் குடித்தார். இவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் நின்றுகொண்டு, என் அடுப்புப் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இங்கேயும் அசையாமல் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் கழித்து அந்த மூன்று நாளும் லீவுக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன. என் இன்சார்ஜ் பதவி ஒரு வருடம் தள்ளிப் போனது. நஞ்சுண்டப்பா என்னை எண்ணெய் அடுப்பிலிருந்து எடுத்து மறுபடி வெங்காயத்துக்கு அனுப்பினார். மூன்று மாதம் நறுக்கினேன். கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அது ஒன்றுதான் நிம்மதி.

வரிசையில் வைத்துச் சொன்னதை வரிசையில் வைத்துத்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் மதியம், கூட்டம் நிறைந்த நேரத்தில், கவுன்டருக்கு வெளியே வந்து சொன்னேன். "ஜெயந்தி பொய் சொல்லல. மாவு போட்டது நான். அன்னிக்கு நான் பேசினது தப்பு."

"சரிக்கா," என்றாள். சோறு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அதற்கும் அவளிடம் மனசுக்குள் கோபித்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அவளுக்குப் பெர்மனென்ட் ஆர்டர் வந்தது. கையில் கவரோடு ஜெயந்தி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கட்லெட் எப்ப?"

"என்னாது?"

"கட்லெட். அவல் போட்டுச் செஞ்சீங்கள்ல."

"நான் உனக்கு எதுவும் செய்ய மாட்டன். போதும்டி. என் கைய நானே நம்பல."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. அதுவரை அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"நீங்க பயந்தா கரண்டிய வச்சிட்டு வெங்காயம் நறுக்கப் போயிருவீங்க. நான் எங்க போவேன்? சாவுற மட்டும் மூணு வேளையும் யார் கையிலயாவதுதான நான் திங்கணும்? எல்லாரும் பயந்துட்டா நான் எவ கையில திங்க?" மூச்சு வாங்கிக்கொண்டு கவரைக் காட்டினாள். "இப்ப நான் பெர்மனென்ட். ஒரு நாள் வயிறு வலிச்சா லீவு போட எனக்கு உரிமை இருக்கு. அதுக்குத்தான் இவ்வளவு நாளு கேக்காம இருந்தேன். ஞாயித்துக்கிழம வாரேன். பக்கத்துல நின்னு பாக்கேன். செய்ங்க."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினேன்.

சனிக்கிழமையே வீட்டிலிருந்த கோதுமை மாவை எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் இட்லிதான் என்று அந்தோணி முனகினார். ஞாயிறு மதியம் ஜெயந்தி வந்து என் தோளோடு தோள் நின்றாள். எண்ணெய் காய்ந்தது. என் கை, சொன்னால் நம்புவீர்களா, மறுபடி மேடையில் இல்லாத பாத்திரத்தைத் தேடிப் போனது. ஜெயந்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையில் ஒரு அவலைக் கொடுத்தாள். அதைப் போட்டேன். மூன்று எண்ணுவதற்குள் மேலே வந்து மலர்ந்தது. இன்றைக்கும் அப்படித்தான் சூடு பார்க்கிறேன், வீட்டில் எது பொரித்தாலும் சரி. மூன்று கட்லெட் சாப்பிட்டாள். மொறுமொறுப்பைப் பற்றியோ ருசியைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை முதல் ஷிப்டு பஸ் வரும் நேரத்துக்கு வெங்காயத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு கேட்டுக்கு ஓடினேன். செக்யூரிட்டி என்னவென்று கேட்டார், நான் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் நின்றது. ஆண்கள் இறங்கினார்கள். பெண்கள் இறங்கினார்கள். எத்தனை பேர்தான் இறங்குவார்கள் அந்த ஒரு பஸ்ஸிலிருந்து! டிரைவர் கதவைச் சாத்தப் போன நேரத்தில் ஜெயந்தி இறங்கினாள். தோளில் பை, கழுத்தில் புது ஐ.டி. கார்டு. அவள் வருகிறாளா என்று பார்க்கத்தான் நிற்கிறேன் என்பது என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராக என்னிடம் வந்தாள்.

"நேத்து உப்புதான் கம்மிக்கா," என்றாள்.

என் சமையலில் உப்பு கம்மி என்று சொன்ன ஒருவரையும் நான் சும்மா விட்டதில்லை, நஞ்சுண்டப்பாவையும் சேர்த்து.

"ஆமாண்டி, கம்மிதான்," என்றேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.